கன்னங்குறிச்சியில் வீடு: அப்பா அம்மாவுக்காகக் கேட்கிறேன்

தறிவீட்டுப்பிள்ளை | வெள்ளி, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். சேலம் அம்மாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன், வேலை ஓசூரில். அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. நாற்பது ஆண்டுகள் குழித்தறியில் மிதித்ததில் இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. போன வருடம் தறியைக் கழற்றி விற்றுவிட்டோம். பக்கத்து வீடுகளில் இப்போது விசைத்தறி ஓடுகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது ஒரு சத்தம், அவ்வளவுதான். நாள் முழுவதும் உள்ளேயே உட்கார்ந்திருப்பவருக்கு அப்படியில்லை. "மலை தெரிகிற இடத்தில் ஒரு திண்ணை இருந்தால் போதும்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

அதனால் ஏற்காட்டு மலையை ஒட்டியிருக்கும் கன்னங்குறிச்சிப் பக்கம் மூன்று சென்ட் மனையோ, பழைய தனிவீடோ பார்க்கிறேன். அங்கே குடியிருப்பவர்கள் நல்லதையும் கெட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அம்மாவுக்கு அறுபத்து மூன்று. அவர் இன்னும் சம்மதிக்கவில்லை, அது தனிக்கதை.

சாரதாசாலை | வெள்ளி, இரவு 10.05

வயதானவர்கள் என்றால் அழகாபுரம், ஃபேர்லேண்ட்ஸ், சுவர்ணபுரி பாருங்கள் தம்பி. மருத்துவர், மருந்துக்கடை, காய்கறி எல்லாம் நடக்கிற தூரத்தில். நடுராத்திரியில் நெஞ்சு வலித்தால் மலைக்காற்று உதவாது.

தறிவீட்டுப்பிள்ளை | வெள்ளி, இரவு 10.12

அங்கே விலை கேட்டுவிட்டு எனக்கே நெஞ்சு வலித்தது அண்ணா.

கொலுசுக்கடை | வெள்ளி, இரவு 10.50

கன்னங்குறிச்சி எப்போது சேலம் ஆனது? கோட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை. இதுதான் ஊர். ராஜாஜி 1917இல் நகராட்சித் தலைவராக உட்கார்ந்தபோது அவர் ஆண்டது இந்தத் தெருக்களைத்தான். நீங்கள் சொல்லும் இடம் அன்றைக்கு மாந்தோப்பு. இன்றைக்கும் அது பேரூராட்சி, மாநகராட்சிக்கு வெளியே. தறிவீட்டில் பிறந்துவிட்டு ஊருக்கு வெளியே போகிறேன் என்கிறீர்கள். ஆடியில் அம்மன் பண்டிகை வண்டிவேடிக்கை பார்க்க ஆட்டோ பிடித்து வருவீர்களா?

ஏரிக்கரையான் | சனி, காலை 6.10

கொலுசுக்கடை ஐயா, சேலம் என்ற பெயரே 'சைலம்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு சாரார் சொல்வார்கள். சைலம் என்றால் மலை. அப்படிப் பார்த்தால் மலையை ஒட்டி இருக்கும் நாங்கள்தான் ஊர், நீங்கள் புறநகர். வாதத்துக்காகச் சொன்னேன், கோபிக்க வேண்டாம்.

தம்பிக்கு விரிவாகவே எழுதுகிறேன். 1996 முதல் இங்கே இருக்கிறேன், பள்ளி ஆசிரியராக ஓய்வு பெற்றவன். அஸ்தம்பட்டியில் சாலை இரண்டாகப் பிரியும். ஒன்று கோரிமேடு வழியாக ஏற்காட்டு அடிவாரத்துக்குப் போவது. இன்னொன்று சின்னத்திருப்பதி வழியாகக் கன்னங்குறிச்சிக்கு வருவது. பழைய பேருந்து நிலையத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். மாநகராட்சி எங்கே முடிந்தது, பேரூராட்சி எங்கே தொடங்கியது என்று பஸ்ஸில் வருகிறவருக்குத் தெரியாது. வரி ரசீதைப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த ஊரைப் புரிந்துகொள்ள வீதிகளைப் பார்த்தால் போதாது, தண்ணீர் வரும் வழியைப் பார்க்க வேண்டும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு 1,515 மீட்டர். சேர்வராயன் உச்சி 1,623. அந்த உயரத்தில் பெய்யும் மழையில் ஒரு பங்கு நம் பக்கச் சரிவில் ஓடைகளாக இறங்குகிறது. அது முதலில் புது ஏரியை நிரப்பும். புது ஏரி கோடி போனால், அதாவது நிரம்பி வழிந்தால், அந்தத் தண்ணீர் மூக்கனேரிக்கு வரும். மூக்கனேரியும் நிரம்பினால் நகரத்துக்குள் புகுந்து திருமணிமுத்தாற்றைச் சேரும். அந்த ஆறு நாமக்கல் மாவட்டம் வரை போய்க் காவிரியில் கலக்கிறது. ஆக, எங்கள் கொல்லையில் ஓடும் தண்ணீர் காவிரித் தண்ணீரின் பங்காளி.

நான் வந்த புதிதில் மூக்கனேரி 58 ஏக்கர் முள்காடாக இருந்தது. கோடையில் பையன்கள் நடுவில் கிரிக்கெட் ஆடுவார்கள், ஓரத்தில் குப்பை எரியும். 2010இல் சேலம் மக்கள் குழு என்ற அமைப்பினர் அதைத் தூர்வார இறங்கினார்கள். அதை முன்னின்று நடத்திய பியூஷ் மானுஷ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எனக்குப் பிடித்தது அவர்கள் மண்ணை என்ன செய்தார்கள் என்பதுதான். வெட்டியதை லாரியில் ஏற்றி வெளியே விற்கவில்லை. ஏரிக்குள்ளேயே மேடுமேடாகக் குவித்து, அதில் மரக்கன்று நட்டார்கள். அடுத்து வந்த மழையில் ஏரி நிரம்பியது. மேடுகளெல்லாம் தீவுகளாக நின்றன. இப்போது காலையில் நீர்க்காகம் சிறகை விரித்து வெயில் காய்கிறது, நாமக்கோழி குஞ்சுகளோடு போகிறது. உங்கள் அப்பாவுக்கு மலை மட்டும் போதும் என்றால் மலை இருக்கிறது. ஏரி கூடுதல் வரவு.

கெட்டதைப் பிறகு எழுதுகிறேன். பால் வாங்கப் போக வேண்டும்.

கோரிமேட்டுக்காரி | சனி, காலை 9.30

ஆசிரியர் ஐயா பால் வாங்கி வருவதற்குள் கெட்டதை நானே சொல்லிவிடுகிறேன்.

சனி, ஞாயிறு என்றால் ஏற்காட்டுச் சாலை எங்களுக்குச் சொந்தமில்லை. கோயம்புத்தூர், பெங்களூரு, சென்னை வண்டிகளெல்லாம் இந்த வழியாகத்தான் ஏறுகின்றன. மே மாதக் கோடைவிழாவின்போது கேட்கவே வேண்டாம். கூட்டம் மிகுந்தால் இறங்குகிற வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவது உண்டு. அந்த நாட்களில் எதிர்ச்சாரிக் கடைக்குப் போய் ஒரு கட்டுக் கீரை வாங்கி வர நான் பத்து நிமிடம் சாலையோரம் நின்றிருக்கிறேன். முழங்கால் வலி உள்ளவர் எப்படிக் கடப்பார்? அதனால் முதன்மைச் சாலையைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும் என்கிற வீட்டை வாங்காதீர்கள். கன்னங்குறிச்சிச் சாலையில் நெரிசல் இவ்வளவு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது காற்று. மலைக்காற்று வருவது உண்மை. ஆனால் இன்னொரு திசையில் செட்டிச்சாவடி இருக்கிறது. அங்கே வெள்ளைக்கல் சுரங்கங்கள், குப்பை கொட்டும் இடம். சில நாட்கள் அந்தப் பக்கத்துப் புகை கோரிமேடு வரை வரும். துவைத்த துணியை மறுபடி துவைத்திருக்கிறேன்.

நல்லதும் சொல்ல வேண்டும். நகரப் பேருந்து அடிக்கடி இருக்கிறது. 2021இலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உங்கள் அம்மாவுக்கு அம்மாப்பேட்டை விட்டுப்போய்விடும் என்ற கவலை இருந்தால், பழைய பேருந்து நிலையத்தில் ஒரே ஒரு மாறுதல் என்று சொல்லுங்கள். செலவில்லாத பயணம் என்றால் அம்மாக்களின் மனம் கொஞ்சம் இளகும். என் மாமியாருக்கு இளகியது.

வெள்ளைக்கல் | சனி, காலை 11.15

சுரங்கத்தைப் பற்றி அக்கா சொன்னது பாதிதான் சரி. அந்தக் கரடுகளில் இருப்பது மேக்னசைட், உலைகளுக்கான தீச்செங்கல் செய்ய உதவுவது. எங்கள் வீட்டில் மூன்று பேர் அந்தக் கல்லில் சோறு தின்றவர்கள். இரும்பாலை போல அதுவும் சேலத்துக்குப் பெயர் தந்த தொழில். தூசி உண்டு, மறுக்கவில்லை. அது வெள்ளைக்கல்பட்டிக்காரர்கள் பேச வேண்டிய பேச்சு. கன்னங்குறிச்சிக்கும் அதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது?

கோரிமேட்டுக்காரி | சனி, காலை 11.22

நான் கோரிமேட்டைத்தான் சொன்னேன் தம்பி. பெயரிலேயே இருக்கிறதே.

ஏரிக்கரையான் | சனி, பகல் 12.40

வந்துவிட்டேன். என் பங்குக் குறைகள்.

குழாய்த் தண்ணீர் எங்கள் தெருவில் தினமும் வருவதில்லை. வரும் நாளைக் காலண்டரில் சுழித்து வைத்திருப்போம். கீழே ஒரு தொட்டி, மேலே ஒரு தொட்டி இல்லாத வீட்டை வாங்கவே வாங்காதீர்கள். ஆழ்துளைக் கிணறு இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். 2017 கோடையில் தண்ணீர் இருந்ததா என்று கேளுங்கள். அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போயிருந்தது. எங்கள் கிணறு அந்த ஏப்ரலில் காற்றைத்தான் இறைத்தது. அடியில் பாறை, தண்ணீர் அதன் வெடிப்புகளில்தான் நிற்கும். பக்கத்து வீட்டில் இருக்கும், நமக்கு இருக்காது. ஏரியில் தண்ணீர் நின்றால் சுற்றுவட்டாரக் கிணறுகளும் மூச்சு விடுகின்றன. இது நான் கண்ணால் பார்த்தது.

மழைக்காலத்தில் பாம்பு. மார்ச், ஏப்ரலில் மலைச்சரிவில் தீ. ராத்திரி மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் யாரோ மலைக்கு மாலை போட்டது போல நெளிந்து எரியும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று மனது நினைத்துவிடும், உடனே குற்றவுணர்வும் வரும். அடிவாரத் தோட்டங்களில் காட்டெருமை இறங்கும். ஊருக்குள் அபூர்வம்.

விநாயகர் சதுர்த்தி முடிந்த சில நாட்களுக்கு ஏரிக்கரை சகிக்காது. சாயம் பூசிய சிலைகள், மாலைகள், பாலித்தீன். மண் பிள்ளையார் மட்டும் கரைத்த காலம் ஒன்று இருந்தது என்று கிழவன் புலம்பலாகச் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

குண்டுமாங்காய் | சனி, மாலை 5.00

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் சித்தப்பாவின் தோப்பு அந்தப் பக்கம்தான் இருந்தது. மல்கோவா நான்கு மரம், மீதி சேலம் குண்டு. ஊறுகாய்க்கென்று பெங்களூரா. வைக்கோலில் அடுக்கிய பழத்தின் வாசனையில் சித்திரை முழுவதும் வீட்டுக்குள் தூக்கம் வராது. இப்போது நல்ல பழம் வேண்டுமென்றால் வரகம்பாடி, குப்பனூர் பக்கம் போக வேண்டியிருக்கிறது.

தோப்பை விற்றபோது வாங்கியவர் ஒரே வாரத்தில் மரங்களை அறுத்தார். கல் நட்டார். பிறகு நுழைவாயிலில் பலகை வைத்தார்: 'மேங்கோ கார்டன்'. நான் கதை கட்டவில்லை. ஒரு மரத்தையாவது விட்டிருந்தால் பெயருக்குச் சாட்சியாக நின்றிருக்கும். சேலத்துப் புறநகரில் எந்த நகரின் பெயரில் என்ன மரம் இருக்கிறதோ, அது அங்கே இல்லை என்று பொருள்.

அதே ஏற்காட்டுச் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு இன்னும் நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய நிறுவனம், நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. ஒரு காலத்தில் சென்னைக்குப் போகாமலேயே சேலத்தில் நடிகராகிவிடலாம். படப்பிடிப்புத் தளம் இருந்த மண்ணில் இன்று வீடுகள். வளைவுக்கு முன்னால் நின்று வெளியூர்க்காரர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே பார்க்க ஒன்றும் இல்லை என்று யாரும் அவர்களிடம் சொல்வதில்லை, நானும் சொன்னதில்லை.

கொலுசுக்கடை | சனி, மாலை 5.35

அப்படியே அஸ்தம்பட்டிச் சிறையையும் சொல்லுங்கள். 1950 பிப்ரவரி 11 அன்று உள்ளே துப்பாக்கிச் சூடு நடந்து 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். என் அப்பா தொழிற்சங்கக்காரர். அந்தச் சுவரைக் கடக்கும்போதெல்லாம் சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். நான் கேலி செய்ததற்காகக் கன்னங்குறிச்சிச் சாலையில் வரலாறு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

மனைமன்னன் | சனி, இரவு 8.15

கன்னங்குறிச்சியில் ஏரி பார்த்த மனைகள், உடனடிப் பதிவு, தொடர்புக்கு [எண் நீக்கப்பட்டது]

நெறியாளர் | சனி, இரவு 8.20

விளம்பரங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. இது மூன்றாவது முறை.

தறிவீட்டுப்பிள்ளை | ஞாயிறு, காலை 8.00

எல்லோருக்கும் நன்றி. ஒரு மனை வந்திருக்கிறது. மூக்கனேரியிலிருந்து நடக்கிற தூரம், மூன்று சென்ட், கிழக்குப் பார்த்தது. அந்தத் தெருவில் மற்றவர்கள் சொல்லும் விலையைவிடக் குறைவு. அவசரத் தேவைக்காக விற்கிறார்களாம். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. முன்பணம் கொடுத்துவிடலாமா?

அளவைச்சங்கிலி | ஞாயிறு, காலை 8.25

கொடுக்காதீர்கள்.

வில்லங்கச் சான்று யார் யாருக்கு விற்றார், அடமானம் வைத்தார் என்பதைச் சொல்லும். அந்த நிலத்தின் மேல் முன்பு என்ன ஓடியது என்பதை அது சொல்லாது. நான் நில அளவைத் துறையில் முப்பத்தோரு ஆண்டுகள் சங்கிலி இழுத்தவன். பழைய புல எண், அதாவது சர்வே எண், என்ன என்று பாருங்கள். அந்த எண்ணுக்குப் புலப்படம், அதாவது நில எல்லைகளைக் காட்டும் அளவை வரைபடம், வாங்குங்கள், வட்டாட்சியர் அலுவலகத்திலும் கிடைக்கும், அரசின் இணையச் சேவையிலும் கிடைக்கும். படத்தில் எல்லைக்கோட்டைத் தவிர நெளிந்து போகும் இரட்டைக் கோடு ஏதேனும் தெரிந்தால் அது ஓடை அல்லது வாய்க்கால். நேர்க்கோட்டில் மனிதன் போவான், நெளிந்து தண்ணீர் போகும். பிறகு எந்தப் புல எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். பக்கத்துப் புல எண் ஓடைப் புறம்போக்கு என்று இருந்தால், உங்கள் மனை பட்டா நிலமாகவே இருந்தாலும் நன்றாக யோசிக்க வேண்டும்.

இன்னொன்று. மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு ஒப்புதல் இருக்கிறதா? அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு 2017இல் அப்படிப்பட்ட மனைகளை முறைப்படுத்தும் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20க்கு முன்பு உருவான பிரிவுகளுக்குத்தான் அது பொருந்தும். "வரன்முறை செய்துகொள்ளலாம் சார், பிரச்சினையே இல்லை" என்று வாயால் சொல்வதை வைத்து வீடு கட்ட முடியாது. ஆணையைக் காகிதத்தில் கேளுங்கள். நீர்நிலையில் இருக்கும் மனையை எந்தத் திட்டத்திலும் வரன்முறை செய்ய முடியாது.

புல எண்ணைப் பொதுவில் போடாமல் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.

இருபதாம்வளைவு | ஞாயிறு, காலை 10.10

மேலேயிருந்து ஒரு குரல். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் தண்ணீர் வந்து சேருமிடத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் அது புறப்படும் இடத்தில் இருக்கிறேன்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு இங்கே கொட்டிய மழையை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. புயல் கடலோரத்துச் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. காப்பிச் செடிகளுக்கு நடுவில், வழக்கமாக ஈரம்கூட இல்லாத பள்ளங்களில் செந்தண்ணீர் கற்களை உருட்டிக்கொண்டு போனது. கல் உருளும் சத்தம் ராத்திரி முழுவதும் கேட்டது. இவ்வளவும் எங்கே போய் நிற்கும் என்று என் மனைவி கேட்டாள். கீழே யார் வீட்டிலாவது என்றேன்.

ஓடை வருடத்தில் முந்நூற்று ஐம்பது நாள் வெறும் பள்ளம். மனை பார்க்க வருகிறவர்கள் எப்போதும் அந்த நாட்களில்தான் வருவார்கள்.

சாரதாசாலை | ஞாயிறு, காலை 10.45

இதைத்தான் ஃபேர்லேண்ட்ஸ் என்று மென்மையாகச் சொன்னேன்.

ஏரிக்கரையான் | ஞாயிறு, காலை 11.00

உங்கள் பக்கமும் ஒரு மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கிறது ஐயா. தண்ணீருக்குப் பணக்காரத் தெரு, ஏழைத் தெரு தெரியாது. பள்ளம் மேடு மட்டும்தான் தெரியும்.

தம்பி, அந்த 2024 மழையில் மூக்கனேரிப் பக்கத்துத் தாழ்வான தெருக்களில் நான் குடையோடு நடந்து பார்த்தேன். பழைய வீடுகளில் வாசல்படி மூன்று, நான்கு இருக்கும். கட்டியவன் முட்டாள் இல்லை. புது வீடுகளில் கார் ஏறுவதற்காகத் தரையைச் சாலை மட்டத்தில் வைக்கிறார்கள். எது தப்பித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அளவைச்சங்கிலி | செவ்வாய், இரவு 7.30

தம்பி அனுப்பிய எண்ணைப் பார்த்தேன். அவர் அனுமதியோடு எழுதுகிறேன். இரட்டைக் கோடு இருக்கிறது. மனைக்குள் இல்லை, வடக்கு எல்லையை ஒட்டிப் போகிறது. விற்பனையாளர் கொடுத்த மனைப்படத்தில் அதே இடத்தில் 'இருபது அடிச் சாலை' என்று போட்டிருக்கிறார்கள். சாலை வளைந்து போவதைப் பார்த்தும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை போலிருக்கிறது.

சட்டப்படி மனை தவறில்லை என்று வாதாட இடம் உண்டு. ஆனால் நான் என் மகளுக்கு வாங்க மாட்டேன்.

வெள்ளைக்கல் | செவ்வாய், இரவு 7.50

விற்றவர் பெயரைப் போடுங்கள், ஊருக்கே தெரியட்டும்.

நெறியாளர் | செவ்வாய், இரவு 7.52

பெயர் வேண்டாம்.

தறிவீட்டுப்பிள்ளை | ஞாயிறு, இரவு 9.00

நேற்று அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். மனையை வாங்கப்போவதில்லை என்றாலும் இடத்தைக் காட்டலாம் என்று. எழுத நிறைய இருக்கிறது.

முதலில் அந்த மனைக்குப் போனோம். எனக்கு மனை மனையாகத்தான் தெரிந்தது. அப்பா காரிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு எதிர்வீட்டு மதில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாயத்தொட்டியில் நூலை முக்கினால் எதுவரை நனைந்ததோ அதுவரை ஒரு கோடு விழும். அந்தச் சுவரில் இருக்கிறது பார்" என்றார். இருந்தது. என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே, சுவர் நீளத்துக்கும் ஒரே மட்டத்தில் மங்கலான பழுப்புக் கோடு. வெள்ளையடித்தும் போகவில்லை. புலப்படத்தில் நாம் தேடியதை அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துவிட்டார்.

பிறகு ஏரிக்கரை. வெயில் தாழ்ந்திருந்தது. நாற்பது ஆண்டுகள் குழிக்குள் காலை விட்டு, கண்ணுக்கு முன்னால் ஒரு முழத்தில் பாவு நூலை மட்டும் பார்த்தவர். ஏரிக்கு அந்தப்புறம் மலையையே வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சமயம் தீவுகளை எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன், விரல் மடங்கியது.

அம்மா கரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் பேச்சுக் கொடுத்து, கால்மணி நேரத்தில் அவர் பிறந்த ஊர், மகள் கட்டிக்கொண்ட ஊர், அரைக்கிற மில் எங்கே, பூக்காரி எப்போது வருவாள் எல்லாம் தெரிந்துகொண்டார். வண்டியில் ஏறியதும், "இங்கே ஆட்கள் இருக்கிறார்கள்" என்றார். இதுவரை இருக்க மாட்டார்கள் என்று நினைத்திருக்கிறார் போலும்.

ஆனாலும் அம்மாப்பேட்டை வீட்டை விற்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறார். ஆடி மாதம் அங்கேதான் இருப்பாராம். கொலுசுக்கடை அண்ணாவுக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

முடிவு இதுதான்: இப்போதைக்கு எதையும் வாங்கவில்லை. ஏரியிலிருந்து நான்கு தெரு தள்ளி, மேட்டில், ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதி வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. மூன்று படி, கைப்பிடி வைத்துத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். திண்ணை இல்லை. வாசலில் சிமெண்ட் பெஞ்சு ஒன்று இருக்கிறது, அதிலிருந்து மலை தெரிகிறது. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் இருந்து பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம் என்றிருக்கிறோம்.

கொலுசுக்கடை | ஞாயிறு, இரவு 9.20

அம்மாவுக்கு என் வணக்கம். வண்டிவேடிக்கை அன்று எங்கள் கடை மாடியில் இடம் உண்டு, அப்பாவுக்கு நாற்காலி போட்டு வைக்கிறேன். தட்டுவடை செட்டும் என் செலவு. கன்னங்குறிச்சியில் அது நன்றாக இருக்காது.

கோரிமேட்டுக்காரி | ஞாயிறு, இரவு 9.31

யார் சொன்னது? அஸ்தம்பட்டி வந்து சாப்பிட்டுப் பாருங்கள். பீட்ரூட், கேரட் துருவலும் இரண்டு சட்னியும் வைத்துத் தட்டையை மூடிக் கொடுப்பதற்குச் செவ்வாய்ப்பேட்டைக்காரர்தான் வேண்டுமா?

குண்டுமாங்காய் | ஞாயிறு, இரவு 9.40

மாங்காய்த் துருவல் போட்டால்தான் அது செட். பருவத்தில் மட்டும் பேசுங்கள்.

ஏரிக்கரையான் | ஞாயிறு, இரவு 9.48

நல்ல முடிவு தம்பி. நான் தினமும் காலை ஆறு மணிக்குக் கரையில்தான் நடக்கிறேன், சாம்பல் நிறக் கம்பளித் தொப்பி. அப்பாவை வரச் சொல்லுங்கள். அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்றால் தெருவைச் சொல்லுங்கள், நானே பெஞ்சுக்கு வருகிறேன்.

அளவைச்சங்கிலி | ஞாயிறு, இரவு 10.15

வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கா? முன்பணத்தை எழுத்தில் வாங்கினீர்களா? கைப்பிடி வைத்துத் தருவதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள்.